எங்கள் ஊர்ப் பாடசாலையில் பிள்ளைகள் ஏன் குறைகின்றார்கள்?



சென்ற இதழில் நுண்கடன் பற்றி எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தை ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வாசித்தார்கள். வாசித்து முடிந்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழும்பினார்.

"கடனைப் பற்றி எழுதினியள், நல்லது. இந்தப் பள்ளிக்கூடத்தை மூடப் போகினமாம். அதைப் பற்றி எழுத மாட்டியளோ பிள்ளை?"

அவர் கேட்டது கண்டாவளைப் பக்கம் உள்ள ஒரு குடியேற்றக் கிராமத்தின் பாடசாலையைப் பற்றி. ஊரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. பெயர் மாறினாலும் கதை பெரிதாக மாறாது என்பது வன்னியில் இருக்கும் உங்களுக்குத் தெரியும். தரம் 1 தொடக்கம் தரம் 11 வரை உள்ள வகை 2 பாடசாலை. இரண்டு மாடிக் கட்டிடம் ஒன்று, பழைய ஓட்டுக் கட்டிடம் ஒன்று, ஒரு கிணறு, நல்ல விளையாட்டிடம் எல்லாம் இருக்கின்றன. முதலாம் தரத்துக்கு வந்து சேர்ந்த பிள்ளைகள் மூன்று பேர் மட்டுமே.

கிராம அலுவலரின் பதிவின்படி அந்த வயதில் அந்தக் கிராமத்தில் பன்னிரண்டு பிள்ளைகள் இருக்க வேண்டும். அப்படியானால் மிகுதி ஒன்பது பேரும் எங்கே? சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருடன் நானும் இரண்டு நாட்கள் வீடு வீடாகப் போனேன். ஏழு பிள்ளைகள் காலை ஆறே காலுக்கு வானில் ஏறி ரவுண் பாடசாலைக்குப் போகின்றார்கள். இரண்டு பிள்ளைகள் எந்தப் பாடசாலைக்கும் போகவில்லை.

இந்த இரண்டு பேரைப் பற்றிப் பிறகு சொல்கின்றேன். முதலில் வானில் போகும் ஏழு பேர்.

வானுக்கு மாதக் காசு கட்டும் தாய்மாரை நான் குறை சொல்லப் போவதில்லை. ஒரு சகோதரி தையல் தைக்கின்றார், கணவர் மேசன் வேலை. "எங்கட பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிக்க ஆள் இல்லை மிஸ். நான் படிக்காத படிப்பை அவளாவது படிக்கட்டும்" என்றார். அவர் 2008 இல் தரம் 10 படித்துக்கொண்டிருந்தவர். இடப்பெயர்வோடு படிப்பு நின்றது. அதன் பிறகு அவர் பாடசாலை வாசலை மிதித்தது மகளைச் சேர்க்கத்தான். அப்படிப்பட்ட தாயிடம் போய் "ஊர்ப் பாடசாலையைக் காப்பாற்ற உங்கள் பிள்ளையைத் தாருங்கள்" என்று கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஏழு வீடுகளும் தனித்தனியே எடுத்த முடிவு சேர்ந்து என்ன செய்கின்றது என்பதையும் பார்க்க வேண்டும். வானுக்குக் காசு கட்டக்கூடிய குடும்பத்தின் பிள்ளை போகின்றது. வீட்டில் கொப்பி பார்க்கும் தாயின் பிள்ளை போகின்றது. கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்கும் தகப்பனின் பிள்ளை போகின்றது. மிஞ்சுவது கூலிக்குப் போகும் தாயின் பிள்ளை, அம்மம்மாவோடு இருக்கும் பிள்ளை, அங்கவீனமான தகப்பனின் பிள்ளை. பெறுபேறு குறைகின்றது. பெறுபேறு குறைந்ததைப் பார்த்து அடுத்த வருடம் இன்னும் இரண்டு வீடு வானுக்குச் சொல்லி வைக்கின்றது. பிள்ளைகள் குறைந்ததால் ஆசிரியர் ஆளணி குறைகின்றது. ஆசிரியர் குறைந்ததால் பெறுபேறு மேலும் குறைகின்றது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது பியர் போர்தியூ என்ற பிரெஞ்சு அறிஞர் சொன்ன "பண்பாட்டு மூலதனம்" என்பதை ஒரு பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். வீட்டில் உள்ள பழக்கமும் பேச்சும் புத்தகமும் கூடப் பிள்ளைக்கு ஒரு முதல்தான் என்பது அதன் சாரம். அது என்னவென்று உண்மையாக விளங்கியது அந்த ஊரின் இடாப்பைப் புரட்டிய அன்றுதான்.

இது எமது ஊர்களுக்கு மட்டும் உரிய நிலை அல்ல. இலங்கையில் பத்தாயிரத்துக்கும் அதிகமான அரச பாடசாலைகள் உள்ளன. அவற்றில் ஏறக்குறைய 1500 பாடசாலைகளில் ஐம்பது பிள்ளைகள் கூட இல்லை என்றும், 3100 க்கு மேற்பட்ட பாடசாலைகளில் நூறு பிள்ளைகள் இல்லை என்றும் பிரதமரும் கல்வி அமைச்சருமான ஹரிணி அமரசூரிய 2025 யூலையில் பாராளுமன்றத்தில் தெரிவித்தார். நாட்டில் பிள்ளை பிறப்பதே குறைந்து வருகின்றது. 2012 இல் மூன்றரை இலட்சத்தைத் தாண்டியிருந்த வருடாந்தப் பிறப்பு 2023 இல் இரண்டரை இலட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஆகவே முதலாம் தர வகுப்பு எல்லா மாகாணங்களிலும் சுருங்கத்தான் செய்யும்.

ஆனால் வன்னியில் அதற்கு மேலும் சில காரணங்கள் இருக்கின்றன. 1996 இல் கிளிநொச்சியை விட்டுச் சனம் கிளம்பியபோது பாடசாலைகளும் கிளம்பின. அக்கராயன், மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கங்களில் ஒரே வளவுக்குள் காலையில் ஒரு பாடசாலை, மத்தியானம் இன்னொரு பாடசாலை என்று மரத்தின் கீழும் கொட்டிலிலும் நடந்தன. 2002 க்குப் பிறகு திரும்பி வந்தார்கள். 2008, 2009 இல் மறுபடியும் எல்லாம் போயிற்று. அப்போது சேர்விடாப்பு எரிந்த பாடசாலைகள் உண்டு. அதிபர் கையில் காவிக்கொண்டு வந்து காப்பாற்றிய இடாப்புகளும் உண்டு. 2009 ஆவணியில் மெனிக் பாம் முகாமுக்குள் இருந்துதான் எங்கள் வயதுப் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. தறப்பாளுக்குக் கீழே வெக்கையில் இருந்து படித்தோம் என்பதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அன்று எம்மோடு இருந்தவர்களில் எத்தனையோ பேர் அத்தோடு படிப்பை விட்டார்கள். இப்போது முதலாம் தரத்துக்குப் பிள்ளை சேர்க்க வரும் தாய்மாரில் பலர் அவர்கள்தான்.

மீள்குடியேறிய பிறகு கட்டிடங்கள் வேகமாக வந்தன. வெளிநாட்டு உதவியிலும் அரச உதவியிலும் வகுப்பறைகள் எழுந்தன, பெயர்க்கற்கள் பதிக்கப்பட்டன. ஆசிரியர்கள் அப்படி வரவில்லை. வந்தவர்களிலும் பலர் யாழ்ப்பாணத்தில் இருந்து நாளாந்தம் பஸ்ஸில் வந்து போகின்றவர்கள். விடியக்காலை நான்கரை மணிக்கு எழும்பிச் சமைத்து, தன் பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு, பஸ் மாறி, பிரதான வீதியில் இருந்து உள்ளே ஐந்து கிலோமீற்றர் ஸ்கூட்டியில் வரும் ஆசிரியை பெரும்பாலும் எம்மைப் போன்ற ஒரு பெண்தான். கஷ்டப் பிரதேசச் சேவைக் காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்பார். கேட்கத்தான் செய்வார். அவரைத் திட்டுவதை விட, ஊரில் பாதுகாப்பான ஒரு ஆசிரியர் விடுதி இருக்கின்றதா என்று கேட்பது பயனுள்ளது. அந்தக் கிராமத்தில் விடுதி என்று ஒரு கட்டிடம் இருக்கின்றது. கதவுக்குப் பூட்டு இல்லை.

பெறுபேறு பற்றி ஒரு விடயம் சொல்ல வேண்டும். வட மாகாணம் சாதாரண தரப் பெறுபேற்றில் ஒன்பது மாகாணங்களில் கடைசி இடத்துக்கு வந்த வருடங்கள் உண்டு. அதைப் பத்திரிகையில் பார்த்து எல்லோரும் கவலைப்படுகின்றோம். ஆனால் உங்கள் ஊர்ப் பாடசாலையின் வீதத்தைப் பார்க்கும்போது எத்தனை பேர் எழுதினார்கள் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். நான் சொல்லும் பாடசாலையில் ஒரு வருடம் நான்கு பேர் பரீட்சை எழுதி ஒருவர் சித்தியடைந்தார். இருபத்தைந்து வீதம். அடுத்த வருடம் மூவர் எழுதி இருவர் சித்தி. அறுபத்தாறு வீதம். ஒரே வருடத்தில் பாடசாலை அப்படி முன்னேறிவிட்டதா? இல்லை. ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்தாலே அந்தக் கணக்கு தலைகீழாகும். அப்படிப்பட்ட எண்ணை வைத்து ஒரு பாடசாலை கூடாது என்றோ நல்லது என்றோ முடிவு எடுக்க முடியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பதினோராம் தரம் வரை வந்தார்கள்? 2009 இல் பிறந்த பிள்ளைகள் பெரும்பாலும் 2015 இல் முதலாம் தரத்துக்கு வந்தவர்கள். இந்தப் பாடசாலையில் அந்த வருடம் சேர்ந்த பெயர்களை அதிபருடன் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதிப் பெயர்களுக்கு மேல் சிவப்புக் கோடு. சிலருக்கு விடுகைப் பத்திரம் கொடுத்த குறிப்பு இருக்கின்றது, வேறு பாடசாலைக்குப் போயிருக்கின்றார்கள். மற்றவர்களுக்கு ஒரு குறிப்பும் இல்லை. அவர்கள் வயது நாட்டில் நடந்தவற்றை எண்ணிப் பாருங்கள். 2020 பங்குனியில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது அவர்கள் ஆறாம் தரம். ஸ்மார்ட் போன் இல்லாத வீட்டுக்கு சூம் வகுப்பு எதற்கு? 2022 இல் எரிபொருள் இல்லாமல் மறுபடியும் நாட்கள் போயின. ஏழாம் தரத்துக் கணக்கு விளங்காமல் எட்டாம் தரத்துக்கு ஏறிய பிள்ளை ஒன்பதில் வெட்கப்பட்டு நின்றுவிடும். ஆண்பிள்ளை என்றால் மணல் ஏற்றவோ கடலுக்கோ போய்விடுவான்.

கணிதத்தை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உயர்தரம் படிக்க ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அதில் தாய்மொழியும் கணிதமும் கட்டாயம், மூன்று பாடங்களில் திறமைச் சித்தியும் வேண்டும். மற்ற எல்லாம் இருந்தும் கணிதத்தால் நிற்கும் பிள்ளைகள் எமது கிராமங்களில் அதிகம். அவர்களுக்கு வழி முற்றாக அடைபடவில்லை. 2017 இல் தொடங்கிய 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தில், தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளில் தொழிற்பிரிவில் படிக்கலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் தொழில் படிக்கலாம். அங்கே பெண்பிள்ளைகளும் படிக்கின்றார்கள்.

பல்கலைக்கழகம் பற்றியும் ஒரு செய்தி. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் உட்படப் பதினாறு மாவட்டங்கள் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களாகக் கணிக்கப்பட்டு, அவற்றுக்கென ஐந்து வீத இடம் தனியே ஒதுக்கப்படுகின்றது.  பிள்ளை எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தது என்பதையும் பார்ப்பார்கள். ஆகவே உயர்தரத்துக்கு யாழ்ப்பாணம் அனுப்பினால்தான் விடிவு என்று நகையை அடகு வைப்பதற்கு முன் இதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாடசாலை ஒரு இடத்திலும் பிழைப்பு இன்னொரு இடத்திலும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இரணைதீவைப் பாருங்கள். பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்த அந்தத் தீவுச் சனம் 1992 இல் இடம்பெயர்ந்து முழங்காவில் பக்கம் இரணைமாதா நகரில் இருந்தது. ஊருக்குப் போக வேண்டும் என்று 2017 வைகாசி முதலாம் திகதி போராட்டம் தொடங்கினார்கள். முன்னுக்கு இருந்தவர்கள் பெண்கள். ஏறக்குறைய ஒரு வருடம் இருந்து பார்த்துவிட்டு, 2018 சித்திரை 23 இல் தாங்களே படகுகளில் ஏறித் தீவில் போய் இறங்கினார்கள். அவர்களின் துணிவை நாம் எல்லோரும் போற்றினோம். ஆனால் இறங்கிய மறுநாளே தாய்மாருக்கு ஒரு கேள்வி இருந்தது. கடலும் நண்டும் அட்டையும் தீவில், பிள்ளைகளின் பாடசாலை இரணைமாதா நகரில். ஒரு குடும்பத்துக்கு இரண்டு அடுப்பு. தாய் தீவுக்குப் போனால் பிள்ளைகள் அம்மம்மாவோடு இக்கரையில், தாய் இக்கரையில் நின்றால் தொழில் பாதி. நிலம் திரும்பக் கிடைப்பதோடு மீள்குடியேற்றம் முடிந்துவிட்டது என்று அறிக்கை எழுதுகின்றவர்கள் அந்தத் தாய்மாரிடம் ஒரு நாள் போயிருக்க வேண்டும்.

இனி, எந்தப் பாடசாலைக்கும் போகாத அந்த இரண்டு பிள்ளைகள். ஒரு பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. தாய் வெளிநாட்டில், தகப்பன் வேறு குடும்பத்தோடு, பிள்ளை பாட்டியிடம். "சேட்டிபிக்கற் இல்லாமல் சேர்க்க மாட்டினம் எண்டு ஆரோ சொன்னவை" என்றார் பாட்டி. ஆரோ சொன்னதை நம்பி ஒரு வருடம் போய்விட்டது. உண்மையில் பிறப்புப் பதிவு இல்லாவிட்டாலும் பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிக்கொண்டு போய் அதிபரைச் சந்திக்க வேண்டும். சான்றிதழ் அலுவலைப் பிரதேச செயலகத்தில் தொடங்க வேண்டும். அந்தப் பிள்ளை இப்போது போகின்றாள். வகுப்பில் எல்லோரையும் விட உயரம்.

மற்றப் பிள்ளை ஒரு ஆண்குழந்தை. அவன் பாடசாலைக்குப் போகாததற்குக் காரணம் அவனுடைய அக்கா. அவளுக்குப் பதினான்கு வயது. தாய்க்கு 2009 இல் காலில் பட்ட காயம், இன்றும் உள்ளே துண்டு இருக்கின்றது, அதிக தூரம் நடக்க முடியாது. ஊர்ப் பாடசாலைக்கு நேர்வழியில் யானை வருவதால் பிள்ளைகளைத் தனியே விட முடியாது, சுற்றி வர வேண்டும். தம்பியைக் கூட்டிக்கொண்டு போவது, தண்ணீர் அள்ளுவது, சமைப்பது எல்லாம் அக்கா. ஒன்பதாம் தரத்தோடு அவள் நின்றாள். அவள் நின்றதும் தம்பியைக் கொண்டுபோய் விட ஆளில்லை, அவனும் சேரவில்லை. ஒரு பிள்ளை நின்றதால் இரண்டு பெயர் குறைந்தது.

"உனக்குப் படிக்க விருப்பமோ?" என்று கேட்டேன். தாயைப் பார்த்தாள். தாய் நிலத்தைப் பார்த்தார். கட்டாயக் கல்வி வயது 1998 தொடக்கம் பதினான்காக இருந்து 2016 இல் பதினாறாக உயர்த்தப்பட்டது என்றும், 2021 க்குப் பிறகு பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்க முடியாது என்றும் சட்டம் எனக்குத் தெரியும். அந்த முற்றத்தில் நின்று சட்டம் பேசி என்ன பயன்? அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது காலையில் ஒரு மணித்தியாலம் கைகொடுக்க ஒரு ஆள். மாதர் சங்கத்தில் பேசினோம். அந்த வழியால் போகும் ஒரு சகோதரி தன் பிள்ளையோடு தம்பியையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போக ஒத்துக்கொண்டார். அக்காவுக்கு அதிபர் மறுபடியும் இடம் கொடுத்தார். மூன்று கிழமை ஒழுங்காகப் போனாள். பிறகு கிழமைக்கு இரண்டு நாள், மூன்று நாள். தம்பி நாளும் போகின்றான். அவளைப் பற்றி உறுதியாக ஒன்றும் எழுத இன்னும் என்னால் முடியவில்லை.

கூட்டத்தில் அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருகின்றேன். பாடசாலையை மூடலாமா? என் கருத்தைச் சொல்கின்றேன், உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம். ஐந்தாம் தரம் வரை பாடசாலை ஊருக்குள் நடந்து போகும் தூரத்தில் இருக்கவே வேண்டும். அதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. முப்பது பிள்ளைகளுக்கு ஐந்து ஆசிரியர் தர முடியாது என்றால் இரண்டு ஆசிரியரை வைத்துப் பல்தர வகுப்பு நடத்தலாம். அதைக் குறைவாக நினைக்கத் தேவையில்லை. ஆந்திராவில் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி வேலி நிறுவனத்தினர் சுற்றுக் கிராமங்களின் சிறிய பாடசாலைகளுக்கென்றே பாட அட்டைகள் செய்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் இருந்து அடுத்த அட்டைக்குப் போகும். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருந்தும் படித்தார்கள். அந்த முறையைத் தமிழ்நாட்டு அரசு செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் 2007 அளவில் தன் தொடக்கப் பள்ளிகள் எங்கும் கொண்டு வந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர் இருந்தால் சிறிய பாடசாலை நல்ல பாடசாலையாக இருக்க முடியும்.

ஆறாம் தரத்துக்கு மேல் நிலைமை வேறு. ஒரு வகுப்பில் மூன்று பிள்ளைகள், விஞ்ஞானத்துக்கு ஆளில்லை, நாடகம் போட ஆள் போதாது, வலைப்பந்துக்கு அணி சேராது. அந்த வகுப்புகளைப் பக்கத்துப் பெரிய பாடசாலையோடு இணைப்பது பிள்ளைகளுக்கு நல்லது என்றே நினைக்கின்றேன். ஆனால் பஸ் முதலில் வர வேண்டும். இணைப்புக் கடிதம் வந்து பஸ் வராவிட்டால் முதலில் நிற்பது பெண்பிள்ளை. வயது வந்த பிள்ளையை காட்டுப் பாதையால் சைக்கிளில் விட எந்தத் தாயும் பயப்படுவாள். மலசலகூடத்தில் தண்ணீரும் இருக்க வேண்டும். 2024 தொடக்கம் கஷ்டப் பிரதேச மாணவியருக்குச் சுகாதாரத் துவாய்க்கான வவுச்சர் கொடுக்கப்பட்டது நல்ல காரியம். மாற்றுவதற்குக் கதவுள்ள ஒரு இடமும் வேண்டும்.

அந்தச் சங்கத்துச் சகோதரிகள் சும்மா இருக்கவில்லை. இதுவரை பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஏழெட்டு ஆண்கள். இம்முறை முப்பதுக்கு மேல் பெண்கள் போய் இருந்தார்கள். செயற்குழுவில் நான்கு பெண்கள் தெரிவானார்கள். கணித ஆசிரியர் கேட்டு வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். வெறுமனே "ஆசிரியர் தாருங்கள்" என்று எழுதாமல், எந்தத் தரத்துக்கு எத்தனை மாதமாகக் கணிதம் நடக்கவில்லை என்று நேரசூசியைப் பார்த்துத் திகதியோடு எழுதினார்கள். பிரதியை எடுத்துக் கையொப்பம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கிழமைக்கு இரண்டு நாள் பக்கத்துப் பாடசாலையில் இருந்து ஒரு ஆசிரியர் வருகின்றார். விடுதிக்குப் பூட்டுப் போட்டாயிற்று. வானில் போகும் ஏழு பேரில் ஒருவரின் தாய் மட்டும், இரண்டாவது பிள்ளையை ஊர்ப் பாடசாலையில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கின்றார். சேர்த்த பிறகு நம்புவோம் என்று அதிபர் சிரிக்கின்றார்.

முதலாம் தரத்துக்கான விண்ணப்பம் வழக்கமாக முந்திய ஆண்டின் நடுப்பகுதியில் கோரப்படும். சேரும் ஆண்டின் தை 31 இல் பிள்ளைக்கு ஐந்து வயது பூர்த்தியாகி இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவர்கள், பிறப்பே பதியாதவர்கள், தகப்பனின் விபரம் இல்லாதவர்கள் விண்ணப்பக் காலம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே கிராம அலுவலரைச் சந்தியுங்கள். உத்தேச வயதுச் சான்றிதழ் எடுப்பது எப்படி என்று பலர் கேட்டிருக்கின்றீர்கள். அடுத்த இதழில் அதனை எழுதுகின்றேன்.